அபினிக்காரன் பெண்டாட்டி

கண்ணுசாமிக்கு வந்தது வாந்திபேதி இல்லை என்பது கருங்குழிப்பட்டியில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவன் பெண்டாட்டி உண்ணாமலை. இன்னொருவர் ஊர்த் தலைமைக்காரரான அம்பலம் உடையப்பன். உண்ணாமலை அதைத் தொண்டை கிழியக் கத்திச் சொன்னாள். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்பலம் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அவருக்கும் தெரிந்திருந்தது என்பதை அவள் கண்டுகொள்ள ஒன்றரை வருஷம் ஆயிற்று.

அன்னவாசலுக்கு மேற்கே நாலு கல் தூரத்தில் இருக்கிறது கருங்குழிப்பட்டி. கண்ணுசாமி கல் உடைக்கிறவன். பாறையில் வெடி வைத்தபோது உருண்டு வந்த ஒரு கல் அவன் இடுப்பில் ஏறி இறங்கியது. கட்டுப்போட்ட வைத்தியர் வலி தாங்க அபினி கொடுத்தார், குன்றிமணி அளவு. எலும்பு ஒருவழியாகச் சேர்ந்தது, வலி போகவில்லை. குன்றிமணி சுண்டைக்காயாக வளர்ந்தது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. உள்ளே போனால் உட்கார்ந்து ஜல்லி உடைப்பான், மகள் மீனம்மாளுக்குக் கதை சொல்லுவான். போகாவிட்டால் பாயைவிட்டு எழுந்திருக்க மாட்டான். அவன் யாரிடமும் திருடியதில்லை, பெண்டாட்டியைக் கைநீட்டி அடித்ததில்லை. ஆனாலும் ஊருக்கு அவன் அபினிக்காரன். கிணற்றடியில் உண்ணாமலை வாளிக் கயிற்றைத் தொட்டால் அடுத்தவள் அதைக் கழுவிவிட்டுத்தான் இறைப்பாள்.

யுத்தம் தொடங்கி மூன்றாம் வருஷம் ஐப்பசியில் விடாமல் எட்டு நாள் மழை. அன்னவாசல் பாதையில் குறுக்கிடும் ஓடை இரு கரையும் தொட்டுப் போனது. சர்க்கார் லைசென்ஸ் பெற்ற அபினிக் கடை அன்னவாசலில்தான் இருந்தது. கண்ணுசாமியின் டப்பா காலியாகி இரண்டு நாள் ஆனது. அதே வாரம் வடக்குத் தெருவில் இரண்டு பேர் வாந்திபேதியில் போனார்கள்.

மூன்றாம் நாள் கண்ணுசாமிக்கு வயிறு பிடுங்கிக்கொண்டு போக ஆரம்பித்தது. வாந்தி எடுத்தான். குளிர் இல்லாமலே உடம்பெல்லாம் மயிர் குத்திட்டு நின்றது. அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு ஓடினாள். அரை நாழிகைக்குள் ஊர் திரண்டு குடிசை முன்னால் நின்றது.

உண்ணாமலை வாசலை மறித்து நின்றாள். இது பேதி இல்லை, அபினி இல்லாமல் உடம்பு கேட்கிறது, போன வருஷமும் ஒருமுறை இப்படித்தான் ஆனது, ஓடை வடிந்ததும் ஒரு உருண்டை வாங்கிக் கொடுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவான் என்றெல்லாம் சொன்னாள். அபினிக்காரன் பெண்டாட்டி வேறென்ன சொல்வாள் என்று யாரோ சொன்னார்கள். அம்பலம் வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று முடிவாயிற்று.

உடையப்ப அம்பலம் வந்தார். நல்ல உயரம், வெளுத்த வேட்டி, குரலில் எப்போதும் ஒரு நிதானம். வாசலில் குனிந்து உள்ளே பார்த்தார். கண்ணுசாமி அடுக்கடுக்காகக் கொட்டாவி விட்டுக்கொண்டு கிடந்தான். மூக்கும் கண்ணும் ஒழுகின. கால்கள் தாமாக உதைத்துக்கொண்டன. அம்பலம் சீக்கிரம் திரும்பிவிடவில்லை, வெகுநேரம் பார்த்தார். கண்ணுசாமி அவரை ஏறிட்டுப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்பலம் நிமிர்ந்து திரும்பினார்.

"பேதிதான். அடைச்சிருங்க" என்றார்.

உடைமரத்து முள்ளை வெட்டிக் கட்டுக்கட்டாக இழுத்து வந்து குடிசையைச் சுற்றிப் போட்டார்கள். அம்பலத்தின் பண்ணையாள் நாகராசுதான் முதல் கட்டைக் கொண்டு வந்தவன். புருஷன், பெண்டாட்டி, ஆறு வயசு மகள் மூவரும் உள்ளே. தாண்டினால் மண்டையை உடைக்க இரண்டு பேர் கம்போடு நின்றார்கள்.

வேலி விழுந்த அன்றே மழை நின்று வானம் வெறித்துவிட்டது. கூரை இறவாணத்தில் பிடித்து வைத்திருந்த தண்ணீர் இரண்டு நாள் வந்தது. உண்ணாமலை முள்ளோரம் நின்று ஒரு குடம் தண்ணீருக்குக் கெஞ்சினாள். கிணற்றுக்குப் போய் வந்த பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். அவர்களில் அம்பலத்தின் மனைவி சின்னப்பிள்ளையும் இருந்தாள். அவள் மட்டும் ஒரு கணம் நின்றாள். இடுப்பில் நிறைகுடம். பிறகு அவளும் போய்விட்டாள்.

குடிசைக்குப் பின்னால் வயல்பக்கமிருந்து ஒரு சாக்கடை போல வாய்க்கால் வந்தது. வடக்குத் தெருத் துணிமணியெல்லாம் அதன் மேல்தலையில்தான் அலசுவார்கள். மூன்றாம் நாள் உண்ணாமலை முள்ளுக்குள் கைவிட்டு அந்தத் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டாள். காய்ச்ச வேண்டும் என்று அவளுக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் விறகெல்லாம் ஈரம்.

நாலாம் நாள் காலையில் கண்ணுசாமி செத்தான். அன்று மத்தியானம் மீனம்மாளுக்குக் கஞ்சித் தண்ணீர் போலப் போக ஆரம்பித்தது. அதுதான் பேதி. இல்லாத நோய்க்கு வேலி கட்டி, இருக்கிற நோயை உள்ளே அழைத்து வந்துவிட்டார்கள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் பிள்ளையின் கண் குழிந்து, விரல்நுனி சுருங்கி, குரல் அடைத்துப்போனது. கடைசியாக அவள் கேட்டது தண்ணீர்.

உண்ணாமலை எப்படிப் பிழைத்தாள் என்பது அவளுக்கே தெரியாது. வேலியின் ஒரு பக்கத்தைத் திறந்து, அவளை வெளியே வரச்சொல்லி, இரண்டு பிணத்தோடும் குடிசைக்குத் தீ வைத்தார்கள். ஊர்ப்பக்கம் திரும்பி வரக்கூடாது என்று அம்பலம் சொன்னதாகத் தலையாரி தூர நின்று சொன்னான். அவள் அழவில்லை. அன்னவாசல் பாதையில் நடந்தாள்.

அன்னவாசலில் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்தவர் செபமாலை. கட்டுமாவடிக் கடற்கரையில் பிறந்தவர், கறுத்து ஒல்லியாக, சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறவர். ஆபீஸ் வாசலில் சுருண்டு கிடந்தவளை எழுப்பிக் கஞ்சி வாங்கிக் கொடுத்து நடந்ததைக் கேட்டார். புருஷனுக்கு என்னென்ன செய்தது, பிள்ளைக்கு என்னென்ன செய்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். 

"பிள்ளைக்கு வந்தது பேதிம்மா. ஒன் புருசனுக்கு வந்தது அது இல்லை" என்றார்.

அவள் அப்போதுதான் அழுதாள். அவள் சொன்னதை நம்பிய முதல் மனிதர் அவர்.

ஊசி போடப் போனால் பெண்கள் கதவை அடைத்துக்கொள்வது செபமாலைக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. கூட ஒரு பெண் வந்தால் நல்லது என்று உண்ணாமலையைத் தினக்கூலிக்கு வைத்துக்கொண்டார். மருந்துப் பெட்டி தூக்கினாள். கிணற்றுக்குள் சிவப்பு மருந்தைக் கரைத்து ஊற்றினாள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னாள். பேதி கண்டவனுக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று கிழடுகள் சொன்னால் சண்டைக்குப் போனாள். ஊசிக்குப் பயப்படும் பெண்களின் புஜத்தைப் பிடித்துக்கொண்டு, எனக்கும் ஒரு மகள் இருந்தாள் என்பாள். அதற்குமேல் சொல்ல மாட்டாள். கதவுகள் திறந்தன.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அவள் கடைவீதியில் நின்றிருந்தபோது அபினிக் கடையிலிருந்து நாகராசு இறங்கி வருவதைப் பார்த்தாள். அவளைக் கண்டதும் மடியில் எதையோ செருகினான். அவன் அபினி தின்கிறவன் இல்லை. தின்கிறவன் முகம் அவளுக்குத் தெரியும். அவள் வழியை மறித்து யாருக்கு என்று கேட்டாள். அவன் மென்று விழுங்கினான். அவள் நகரவில்லை.

"அம்பலத்துக்குக்கா. மூட்டுவலி" என்றான் கடைசியில்.

"எத்தனை வருசமா?"

"நான் பண்ணைக்கு வந்ததுலேருந்து. ஏழு வருசம் இருக்கும்."

"அந்த ஐப்பசி மழையில ஓடை பெருகிக் கெடந்துச்சே. அப்ப என்ன செஞ்சாரு?"

நாகராசு தரையைப் பார்த்தான். "அப்பல்லாம் எவ்வளவு வேணும்னாலும் கடையில குடுப்பாங்க. ஒரு மாசத்துக்கு உள்ளதை வாங்கிப் பெட்டியில வச்சிருவாங்க. இப்பத்தான் வாரத்துக்கு இம்புட்டுன்னு அளந்து குடுக்கறான்."

உண்ணாமலை அவனைப் போக விட்டாள். அவள் கண்முன் அம்பலம் வாசலில் குனிந்து நின்றார். கொட்டாவியைப் பார்த்தார், ஒழுகும் மூக்கைப் பார்த்தார், உதறும் காலைப் பார்த்தார். தன் உடம்பில் தானே அனுபவித்ததை அடுத்தவன் உடம்பில் பார்த்தார். அவர் வீட்டுப் பெட்டியில் ஒரு மாசத்துச் சரக்கு இருந்தது. ஒரு உருண்டை கொடுக்கக்கூட வேண்டாம், பேதி இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஊர் கேட்டுவிடுமே என்று பயந்து, மூன்று உயிரைத் தூக்கி முள்ளுக்குள் போட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வேலை மட்டும் முன்னைவிடக் கவனமாகச் செய்தாள். அரளி விதையை நினைத்தாள். வைக்கோற்போரை நினைத்தாள். எதுவும் அவளுக்குப் பற்றவில்லை. செத்துப்போனவனுக்கு வெட்கம் ஏது? அவர் உயிரோடு இருக்க வேண்டும், முள்ளுக்குள் இருக்க வேண்டும், தன் வாயால் சொல்ல வேண்டும். வேறு எந்தச் சாவும் அவளுக்கு வேண்டாம். செபமாலையிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த மாசியில் கருங்குழிப்பட்டித் தெற்குத் தெருவில் மூன்று பேர் பேதியில் செத்ததாகச் சேதி வந்தது. செபமாலை பெட்டியைக் கட்டச் சொன்னார். அந்த ஊருக்கு நீ வர வேண்டாம் என்றுகூடச் சொன்னார். வருகிறேன் என்றாள். கிளம்புமுன் கடைவீதிக்குப் போய், புருஷன் செத்தபிறகு முதல்முறையாக அபினிக் கடைப் படியேறி ஒரு உருண்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஊரில் செபமாலை ஊருணியை அடைத்தார், கிணறுகளுக்கு மருந்து போட்டார், பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் ஊசி குத்தினார். அம்பலமும் சட்டையைக் கழற்றி ஊசி போட்டுக்கொண்டார். கையைப் பிடித்தவள் உண்ணாமலை. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு அவள் இப்போது உண்ணாமலை அக்காவாகிவிட்டாள். கயிற்றைக் கழுவினவளே மோர் கொண்டுவந்து கொடுத்தாள். உண்ணாமலை அதைக் கையால் வாங்கிக் கீழே வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

பன்னிரண்டு நாளைக்கு ஊரைவிட்டு யாரும் போகக்கூடாது, வெளியார் வரக்கூடாது என்று தமுக்கடித்துச் சொல்லியாயிற்று. பொன்னமராவதிப் பக்கமும் நோய் கண்டிருந்ததால் செபமாலை ஊரை அவளிடமும் தலையாரியிடமும் ஒப்படைத்துவிட்டுச் சைக்கிளை மிதித்தார். அன்று சனிக்கிழமை. அம்பலத்துக்குச் சரக்கு திங்கட்கிழமையோடு தீரும் என்பது உண்ணாமலைக்குத் தெரியும்.

திங்கட்கிழமை விடியற்காலையில் அவள் ஓடைக்கரையில் போய் உட்கார்ந்துகொண்டாள். வெயில் ஏறும்போது நாகராசு வந்தான். அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"திரும்பிப் போ" என்றாள்.

அவன் கெஞ்சினான். ஒரே ஓட்டமாக ஓடிப்போய் வந்துவிடுகிறேன் என்றான், அம்பலம் அடித்துக் கொன்றுவிடுவார் என்றான். சர்க்கார் உத்தரவு எல்லோருக்கும் ஒன்றுதான் என்று அவள் சொன்னாள். அது உண்மைதான். உண்மையைச் சொல்வதில் இவ்வளவு இனிப்பு இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவதை வளைவு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை அம்பலம் வீட்டு முன்னால் கூட்டம் கூடியது. வயிற்றால் போகிறது, வாந்தி எடுக்கிறார் என்று வேலைக்காரி சொல்லிவிட்டாள். அம்பலத்தின் பங்காளி ஆத்மநாதன் முன்னால் நின்று பேசினார். அம்பலப் பட்டத்தின்மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். அபினிக்காரன் வீட்டுக்கு ஒரு நியாயம் அம்பலத்து வீட்டுக்கு ஒரு நியாயமா என்றார். அன்றைக்கு முள் வெட்டினவர்களே இன்றைக்கும் அரிவாளோடு நின்றார்கள். உண்ணாமலை பார்த்துச் சொல்லட்டும் என்று எல்லோரும் வழிவிட்டார்கள்.

கூடத்தில் பாயில் கிடந்தார் உடையப்பன். வேட்டி நனைந்திருந்தது. உண்ணாமலை அருகில் உட்கார்ந்து கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள். கருமணி அகலத் திறந்திருந்தது. கை வெதுவெதுப்பாக இருந்தது, விரல்நுனி சுருங்கவில்லை. தோலெல்லாம் இறகு பிடுங்கின கோழி போலப் புள்ளி புள்ளியாக எழும்பி நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாயைப் பிளந்து நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். மூக்கிலிருந்து நீர் இறங்கி மீசையை நனைத்தது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

"போய்ச் சொல்லும்மா, பேதி இல்லைன்னு" என்றார்.

"வேற என்னன்னு சொல்லட்டும்?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சின்னப்பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பேதி இல்லைன்னா பின்ன என்னன்னு ஊரு கேக்கும். நான் சொன்னா எவன் நம்புவான்? அன்னைக்கும் நான் சொன்னேன். நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க. எந்திரிச்சு வந்து ஒங்க வாயால சொல்லுங்க. எனக்கும் அபினி இல்லாத கேடுதான், கண்ணுசாமிக்கும் அதேதான்னு சொல்லுங்க. இப்பவே போயிருவாங்க."

அம்பலம் கண்ணை மூடிக்கொண்டார். "அதுக்குச் சாகலாம்" என்றார்.

"சாக மாட்டீங்க. அதுக்கு நான் விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள்.

வெளியே வந்ததும் ஆத்மநாதன் என்ன என்று கேட்டார். பேதி என்று அவள் சொல்லவில்லை. பேதி இல்லை என்றும் சொல்லவில்லை. அம்பலமே வந்து சொல்லுவார், அதுவரைக்கும் உங்கள் இஷ்டம் என்றாள். ஊருக்கு அது போதுமாக இருந்தது. முள்கட்டுகள் வந்தன. எவன் எந்தக் கட்டை எங்கே போடுகிறான் என்று அவள் ஓரமாக நின்று பார்த்தாள். வேலி கட்டி முடிந்ததும், காய்ச்சின தண்ணீரும் உப்புப்போட்ட கஞ்சியும் வேளாவேளைக்குத் தானே கொண்டுவந்து முள்ளோரம் வைக்கப் போவதாகவும், அதைத் தடுக்கிறவனைச் சர்க்காரிடம் பிடித்துக் கொடுப்பதாகவும் சொன்னாள். அதை இரக்கம் என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள்.

புதன், வியாழன், வெள்ளி. சாப்பாட்டு வேளை தவறாமல் அவள் இரண்டு மண்பானைகளைக் கொண்டுபோய் வைத்தாள். உள்ளேயிருந்து வந்த சத்தம் தெருமுனைவரைக்கும் கேட்டது. அந்த நிதானமான குரலுக்கு இப்படியும் ஊளையிட வரும் என்று ஊர் தெரிந்துகொண்டது. பிள்ளைகள் அதைப் போல நடித்துக் காட்டின. அவள் முள்ளோரம் உட்கார்ந்து அந்தச் சத்தத்தை முழுசாகக் கேட்டாள். கண்ணுசாமி இவ்வளவு கத்தவில்லை. பிள்ளை பயப்படுமென்று துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

வியாழக்கிழமை சின்னப்பிள்ளை முள்ளருகே வந்து மண்டியிட்டாள். அவருக்கு நெஞ்சு அடைக்கிறது, நீ ஒரு வார்த்தை சொன்னால் ஊர் கேட்கும், உன் காலில் விழுகிறேன் என்றாள்.

"என் மக தண்ணி கேட்டுக்கிட்டுக் கெடந்தப்ப நீங்க இங்கிட்டு நின்னீங்க, ஆத்தா. இடுப்புல குடம் இருந்துச்சு" என்றாள் உண்ணாமலை.

சின்னப்பிள்ளை பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சத்தம் நின்றுவிட்டது. உண்ணாமலைக்குப் பயம் வந்துவிட்டது. சொல்லாமலே போய்விடுவாரோ என்ற பயம்தான் அது. வேறு எதுவும் இல்லை என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். கையெல்லாம் கீறியது. அம்பலம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, பத்து வயசு கூடினவர் போல இருந்தார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கறுப்பு உருண்டையை உள்ளங்கையில் வைத்து நீட்டிக் காட்டினாள். அவர் கை தானாக எழுந்தது. அவள் கையை மூடிக்கொண்டாள்.

"வெளியில வாங்க. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு, எல்லார் முன்னாடியும் திங்கணும்."

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

உச்சி வெயிலில் சின்னப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தபோது தெரு நிறைந்திருந்தது. முள்ளுக்கு அந்தப்பக்கம் அவர் நின்றார். இந்தப்பக்கம் உண்ணாமலை நின்றாள்.

"எனக்குப் பேதி இல்லை. நான் அபினி திங்கறவன். பத்து வருசமாத் திங்கறேன்" என்றார். குரல் எழும்பவில்லை. கேட்கவில்லை என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அவர் மறுபடி சொன்னார்.

"என் புருசனுக்கு என்ன இருந்துச்சு?" என்று உண்ணாமலை கேட்டாள்.

"இதேதான்."

"அன்னைக்கு வாசல்ல நின்னு பாத்தீங்களே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஒங்க வீட்டுல அன்னைக்கு எம்புட்டு இருந்துச்சு?"

"மாசத்துக்கு உள்ளது இருந்துச்சு" என்றார்.

உண்ணாமலை உருண்டையை முள்ளுக்கு மேலாக நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு கணம் அதைத் தெருவில் எறிந்துவிடுவார் போல இருந்தது. எறியவில்லை. வாயில் போட்டுக்கொண்டார். அவர் மெல்வதை ஊர் முழுக்கப் பார்த்தது.

அவள் கூட்டத்துப் பக்கம் திரும்பினாள்.

"அவரு சொன்னாரு. முள்ளை வெட்டுனது நீங்க" என்றாள். அன்றைக்குக் கம்போடு நின்ற இரண்டு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர்கள் தலைநிமிரவில்லை. கயிற்றைக் கழுவினவளின் பேரையும் சொன்னாள். பேர் சொல்லப்படாதவர்கள் முதலில் நழுவினார்கள். கொஞ்ச நேரத்தில் தெரு காலியானது. வேலியை விலக்க ஒருவரும் முன்வரவில்லை. நாகராசு மட்டும் வந்து வெறுங்கையால் முள்கட்டுகளை இழுத்துப் போட்டான். கையில் ரத்தம் வழிந்தது. மன்னிச்சுக்கக்கா என்றான். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

இரண்டு நாள் கழித்துச் செபமாலை வந்தார். தலையாரி எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அவர் கோபப்பட்டு உண்ணாமலை பார்த்ததே இல்லை; அன்று பார்த்தாள். பேதி இல்லை என்று தெரிந்தும் ஒரு மனுஷனை மூன்று நாள் அடைக்க விட்டாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

"நாளைக்கு நம்ம பேதின்னு சொன்னா எவன் நம்புவான், இல்லைன்னு சொன்னா எவன் நம்புவான்? பழி தீக்கவா ஒன்னைய இந்தப் பெட்டியத் தூக்கச் சொன்னேன்?"

அவர் சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அதற்காக வருத்தம் வரவில்லை. அன்றைக்கு என் புருஷனைப் பார்க்க ஒரு இன்ஸ்பெக்டரும் வரவில்லை ஐயா என்று மட்டும் சொன்னாள். அவர் பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

ஒரு மாசம் அவள் அன்னவாசலில் மாவிடித்துப் பிழைத்தாள். அந்த மாசம் செபமாலை போன ஊர்களில் பெண்கள் கதவைத் திறக்கவில்லை. பங்குனிக் கடைசியில் அவரே வந்து பெட்டியைத் திண்டில் வைத்துவிட்டு, நாளைக்குக் காலையில் பொன்னமராவதி வண்டி என்றார். அவள் பெட்டியை உள்ளே எடுத்து வைத்தாள்.

உடையப்பன் பட்டத்தை இழந்தார். ஆத்மநாதன் அம்பலமானார். நாகராசு பண்ணையைவிட்டுப் போய்விட்டதால், திங்கட்கிழமைதோறும் உடையப்பனே கம்பு ஊன்றி நாலு கல் நடந்து வந்து கடைப்படியில் மற்ற அபினிக்காரர்களோடு நின்றார். பிள்ளைகள் பின்னால் கத்திக்கொண்டு வரும். உண்ணாமலைக்கு வேலை இல்லாத திங்களில் அவள் எதிர்ப்பக்கம் வந்து நின்றுகொள்வாள். ஒளிந்து நிற்க மாட்டாள். அவர் வாங்கி, மடித்து, மடியில் வைத்துத் திரும்பும்வரை நிற்பாள். இப்படி மூன்று வருஷம். அப்புறம் ஒரு கோடையில் அவர் வரவில்லை.

அவர் செத்து முப்பது நாள் கழிந்தபின் சின்னப்பிள்ளை அன்னவாசலுக்கு வந்தாள். வெள்ளைச் சேலையில் சின்னதாகிப் போயிருந்தாள். ஆபீஸ் வாசலில் ஊசிகளை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்த உண்ணாமலைக்கு எதிரே உட்கார்ந்தாள். சாகும்போது அவர் கண்ணுசாமி பேரைச் சொன்னார் என்றாள். உண்ணாமலை அடுப்பை ஊதினாள்.

"ஒனக்கு மனசு ஆறிருச்சா?" என்று சின்னப்பிள்ளை கேட்டாள். குத்திக் கேட்டதாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் நடந்து வந்திருப்பாள் போலிருந்தது.

உண்ணாமலை யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை.

"இல்லை ஆத்தா. வெள்ளிக்கிழமை வெளியில விட்டுட்டேன். இன்னும் ரெண்டு நாள் வச்சிருக்கலாம்னு இப்பவும் தோணுது."

சின்னப்பிள்ளை தலையாட்டினாள். அவளுக்கு இந்த வருஷத்து ஊசி இன்னும் போடவில்லை என்பது நினைவு வந்து, உண்ணாமலை கையை நீட்டச் சொன்னாள். ஒட்டிப்போன புஜத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துச் செபமாலையைக் கூப்பிட்டாள்.